நிலம் பெயர்ந்த குடும்பமும் நீளும் கதையும்: ‘புனியாத்’ தொலைக்காட்சித் தொடர் குறித்த ஒரு மதிப்பீடு

முன்னுரை

தொலைக்காட்சித் தொடர்களைத் தமிழாய்வுலகம் பெரும்பாலும் ஊடகவியலாரின் பொறுப்பில் விட்டுவைத்திருக்கிறது. அவற்றைப் பற்றி எழும் ஆய்வுகளும் பார்வையாளர் எண்ணிக்கை, விளம்பரம், பெண்கள்மீதான தாக்கம் ஆகிய எல்லைகளுக்குள் நின்றுவிடுகின்றன. ஒரு தொடரைப் பனுவலாகக் கொண்டு, புதினத்தை ஆராய்வதுபோல் அதன் காலம், இடம், பாத்திரப் பெயர், கதைப்போக்கு ஆகியவற்றை ஆராயும் முயற்சிகள் குறைவாகவே உள்ளன. நாள்தோறும் கோடிக்கணக்கான வீடுகளில் கதைகேட்கும் பழக்கத்தை இன்று தாங்கிநிற்பவை இத்தொடர்களே. எனவே, இவற்றை இலக்கியத் திறனாய்வு முற்றிலும் ஒதுக்கிவிட இயலாது.

ஒரு குடும்பம் தன் ஊரை விட்டு வேறோர் ஊரில் குடியேறுவது தொடர்களுக்கு வாய்ப்பான கதைக்களம். புதிய தெரு, புதிய அண்டை வீட்டார், புதிய உறவு, புதிய பகை எனக் கதை தானே கிளைத்துச் செல்லும். ஆனால் அக்குடியேற்றம் குடும்பத்தின் விருப்பத்தால் நிகழாமல் ஒரு நாட்டின் பிரிவினையால் நிகழுமானால், தொடர் என்னும் வடிவம் அதை எவ்வாறு தாங்கும்? இவ்வினாவுக்கு விடை தேடுவதற்கு ஏற்ற பனுவல், 1986, 1987 ஆகிய ஆண்டுகளில் தூர்தர்ஷனில் ஒளிபரப்பான ‘புனியாத்’ என்னும் இந்தித் தொடர். லாகூரில் வேர்விட்ட ஒரு பஞ்சாபிக் குடும்பம் தில்லியில் மீண்டும் காலூன்றும் வரலாறே அதன் கதை.

புலப்பெயர்வை ஒரு நாளின் நிகழ்ச்சியாகக் காட்டாமல், ஆண்டுக்கணக்கில் நீளும் வாழ்நிலையாகக் காட்டியதே இத்தொடரின் பெறுபேறு. அதனை இயலச்செய்தது தொடர் என்னும் நீண்ட வடிவமே. அதேவேளையில், ஒரே குடும்பத்தின் வாசலில் நின்று உலகைப் பார்க்கும் அவ்வடிவமே அதன் குறைக்கும் காரணமாகிறது. இக்கருத்தை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொடரின் பின்புலம்

1984ஆம் ஆண்டு ஜூலையில் தூர்தர்ஷன் ‘ஹம் லோக்’ என்னும் தொடரை ஒளிபரப்பத் தொடங்கியது. மெக்சிகோ நாட்டில் சமூகக் கருத்துகளைப் பரப்பும்பொருட்டு உருவாக்கப்பட்ட தொடர்களை முன்மாதிரியாகக் கொண்டு திட்டமிடப்பட்டது அது. குடும்பக் கட்டுப்பாடு, பெண்கல்வி, மதுவின் தீமை ஆகியவற்றை ஒரு நடுத்தரக் குடும்பத்தின் கதைவழியே எடுத்துரைப்பது அதன் குறிக்கோள். ஒவ்வொரு பகுதியின் இறுதியிலும் நடிகர் அசோக்குமார் தோன்றிக் கருத்துரை வழங்குவார். அத்தொடரை எழுதியவர் மனோகர் ஷியாம் ஜோஷி (1933-2006). இதழாசிரியராகவும் புதின ஆசிரியராகவும் இந்தியிலக்கிய உலகில் அறியப்பட்ட அவர், பின்னாளில் ‘க்யாப்’ என்னும் புதினத்துக்காகச் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். ‘ஹம் லோக்’ நிறைவுற்றபின் அவர் எழுதிய பெருந்தொடர் ‘புனியாத்’.

இதனை இயக்கியவர்கள் ரமேஷ் சிப்பியும் ஜோதி சரூப்பும் ஆவர். ‘ஷோலே’ (1975) படத்தின் இயக்குநராக நாடறிந்த ரமேஷ் சிப்பி, பிரிவினை நிகழ்ந்த 1947ஆம் ஆண்டில் கராச்சியில் பிறந்தவர். ஊரிழந்த குடும்பத்தின் கதை, அவருக்கு நூல்வழி அறிந்த வரலாறு மட்டுமன்று என்பதை இங்கு நினைவிற்கொள்ளலாம். ஆசிரியரான ஹவேலிராமாக அலோக் நாத்தும், அவர் மனைவி லாஜோஜியாக அனிதா கன்வரும் நடித்தனர். இளமை முதல் முதுமை வரை இவ்விரு பாத்திரங்களையும் இவ்விருவரே ஏற்றனர். நடிக்கும்போது அலோக் நாத்துக்கு வயது முப்பது அளவே. பார்வையாளர் கண்முன் ஒரே முகம் வாரந்தோறும் முதுமையடைந்து வந்தது. இத்தொடர் காலத்தைக் கையாண்ட முறைக்கு இதுவே முதற்சான்று.

நடுவில் நிற்கும் ஆண்டு

தொடரின் கதை 1916இல் தொடங்கி 1978இல் முடிகிறது. இவ்வெல்லைகளைக் கூர்ந்து நோக்கினால் ஓர் அமைப்பு புலப்படும். 1916க்கும் 1947க்கும் இடைப்பட்டவை 31 ஆண்டுகள். 1947க்கும் 1978க்கும் இடைப்பட்டவையும் 31 ஆண்டுகளே. பிரிவினை, கதைக்காலத்தின் சரிபாதியில் நிற்கிறது. எழுதியவர் எண்ணிச் செய்தாரா, இயல்பாய் அமைந்ததா என்பது வேறு வினா. பனுவலில் அது அவ்வாறு அமைந்திருக்கிறது என்பதே திறனாய்வுக்குப் போதுமானது. நடுத்தூணின் இருபுறமும் ஒத்த நீளத்தில் இறங்கும் கூரைபோல, ஒருபுறம் லாகூர் வாழ்வும் மறுபுறம் தில்லி வாழ்வும் இறங்குகின்றன.

இவ்வமைப்பின் பொருளை உணர, பிரிவினையைப் பேசும் மற்றொரு தொலைக்காட்சிப் படைப்போடு ஒப்பிடுவது பயன்தரும். பீஷ்ம சாஹ்னியின் புதினத்தைத் தழுவிக் கோவிந்த் நிஹலானி இயக்கிய ‘தமஸ்’ 1988இல் ஒளிபரப்பானது. அதனைத் தடைசெய்யக் கோரி வழக்குகள் தொடுக்கப்பட்டதும், பம்பாய் உயர்நீதிமன்றமும் உச்சநீதிமன்றமும் தடைவிதிக்க மறுத்ததும் வரலாறு. ‘தமஸ்’ ஒரு கலவரத்தின் சில நாள்களைச் சொல்கிறது. வன்முறை எவ்வாறு மூட்டப்படுகிறது, எவ்வாறு பரவுகிறது, எவரெவர் அதனால் பயனடைகின்றனர் என்பனவற்றை அது நெருங்கி நின்று காட்டுகிறது. முகாமில் வந்து சேர்ந்த மக்கள் அதன்பின் எங்குச் சென்றனர், என்ன உண்டனர், பிள்ளைகளை எப்படிப் படிக்கவைத்தனர் என்பன அதன் எல்லைக்கு அப்பாற்பட்டவை.

‘புனியாத்’ இந்த எல்லைக்கு அப்பால் செல்கிறது. இழப்பதற்கு முன் அக்குடும்பத்திடம் என்னென்ன இருந்தன என்பதைக் காட்டப் பல பகுதிகளை அது செலவிடுகிறது. தந்தை கேண்டாமலின் அதிகாரம், ஹவேலிராமின் சீர்திருத்தப் பற்றும் காந்திய நாட்டமும், தங்கை வீராவாலிக்கும் புரட்சியாளன் விருஷ்பானுக்கும் இடையே அரும்பும் காதல் ஆகியவை லாகூர்ப் பகுதியின் கதைகள். இவை எவையும் பிரிவினைக்கு முன்னுரையாகச் சொல்லப்படுவதில்லை; ஒரு முழு வாழ்வாகவே சொல்லப்படுகின்றன. இக்குடும்பம் தன்னுள்ளே கொண்டிருந்த பூசல்களும் பிடிவாதங்களும் மனக்காயங்களும் பார்வையாளருக்குப் பழகிப்போகின்றன. அதன்பின் 1947 வரும்போது, பார்வையாளர் இழப்பது ஒரு ‘சொர்க்கத்தை’ அன்று. குறைகள் நிறைந்த, தனக்கு நன்கு தெரிந்த ஒரு வீட்டை. இழந்த ஊரைப் பொன்னுலகாகப் புனையும் ஏக்க இலக்கியத்திலிருந்து இத்தொடர் விலகிநிற்கும் இடம் இதுவே.

பிற்பகுதி குறித்து

தில்லிப் பகுதியைப் பார்ப்பவர்க்கு ஓர் ஐயம் எழுவது இயல்பு. வரலாற்றுப் பெருங்கதையாகத் தொடங்கிய தொடர், குல்பூஷண், ரோஷன், சத்பீர் முதலான இளைய தலைமுறையின் மணவாழ்வு, பொருளாசை, மனக்கசப்பு என்று குடும்பச் சண்டையாகச் சுருங்கிவிட்டதோ என்பதே அவ்வையம். இத்தகைய சுருக்கம் தொடர் வடிவத்தின் பிறவிக்குறை என்று கருதப்படுவதும் உண்டு.

ஆயின் இச்சண்டைகளின் உள்ளீட்டை நோக்கவேண்டும். ஊரிழந்த குடும்பத்தில் முதல் தலைமுறை நேர்மை, கொள்கை, சொல் தவறாமை ஆகியவற்றையே தன் சொத்தாகக் கொண்டுவருகிறது. ஏனெனில் அவை மட்டுமே எல்லையைக் கடக்கும்போது பறிக்கப்படாதவை. அடுத்த தலைமுறையோ, பறிக்கப்படக்கூடிய பொருள்களையே பெரிதும் நாடுகிறது. ஏனெனில் அவை பறிக்கப்பட்டதன் வலியை இளமையிலேயே கண்டது அது. எனவே தந்தைக்கும் மக்களுக்கும் இடையே எழும் முரண், நல்லோர்க்கும் தீயோர்க்கும் இடையிலான வழக்கமான முரண் அன்று. ஒரே இழப்பிலிருந்து இரு தலைமுறையினர் கற்ற இருவேறு பாடங்களின் முரண் அது. கலவரத்தில் தப்பிய குடும்பம், தப்பித்து முப்பது ஆண்டுகள் கழிந்தபின்னரும் அதன் விளைவைச் சமையலறையிலும் கூடத்திலும் சுமந்துகொண்டிருக்கிறது. இதனைச் சொல்ல நூற்றுக்கும் மேற்பட்ட பகுதிகள் தேவைப்பட்டன. இரண்டரை மணிநேரத் திரைப்படத்தால் இதனைக் குறிப்பாக உணர்த்த இயலும். வாழ்ந்து காட்ட இயலாது.

பிற்காலத் தொடர்களோடு ஒப்பிடும்போது இவ்வேறுபாடு இன்னும் தெளிவாகும். 2000ஆம் ஆண்டில் தொடங்கிய ‘க்யோங்கி சாஸ் பீ கபீ பஹூ தீ’ போன்ற தொடர்களில் கதை திடீரென இருபது ஆண்டுகள் தாவும். ஆனால் அத்தாவலில் நாட்டில் என்ன நிகழ்ந்தது என்பதற்குக் கதையில் தேவையே இராது. மாளிகை அதேபோல் நிற்கும், மருமகள் மாமியாராவாள். ‘புனியாத்’ தொடரில் ஆண்டுகள் கடப்பது வரலாறு கடப்பதே. வீடு மாறுகிறது, ஊர் மாறுகிறது, நாட்டின் வரைபடமே மாறுகிறது.

பெயர்கள் தாங்கும் பொருள்

‘புனியாத்’ என்பது கட்டடத்தின் அடித்தளத்தைக் குறிக்கும் சொல். தமிழில் கடைக்கால் என்றும் அடிமனை என்றும் வழங்குகிறோம். வீட்டைப் பெயர்த்துக்கொண்டு செல்ல முடியாவிடினும் கதவு, நிலை, சன்னல், பாத்திரம் ஆகியவற்றைக் கொண்டுசெல்ல இயலும். எவ்வகையாலும் கொண்டுசெல்ல இயலாத ஒன்று கடைக்காலே. ஊர்பெயர்ந்த குடும்பத்தின் கதைக்கு இப்பெயரைச் சூட்டியதில் ஒரு வினா பொதிந்துள்ளது. தரைக்குள் புதைந்திருக்கும் அடித்தளம் எதிரி நாட்டில் தங்கிவிட்ட பின்னர், இவர்களுடைய அடித்தளம் எது?

கதைத்தலைவனின் பெயரும் இவ்வினாவோடு இயைகிறது. பெருமனையைக் குறிக்கும் ‘ஹவேலி’ என்னும் சொல் அவர் பெயரிலேயே உள்ளது. மனையை இழந்தவர், அதனைப் பெயரில் மட்டும் சுமந்து புதிய ஊரில் நடமாடுகிறார். அவரை ஊரார் அழைப்பதோ ‘மாஸ்டர்ஜி’ என்று. பெயரில் இருக்கும் வீடு போய்விடுகிறது; தொழிலால் வந்த மதிப்பு உடன்வருகிறது.

லாஜோ என்பது லாஜ்வந்தி என்னும் பெயரின் செல்லச் சுருக்கம். நாணுடையவள் என்பது அதன் பொருள். தொட்டாற்சுருங்கிச் செடிக்கும் வடபுலத்தில் அதுவே பெயர். பிரிவினை இலக்கியம் அறிந்தோர்க்கு இப்பெயர் உடனே இன்னொருத்தியை நினைவூட்டும். ராஜிந்தர் சிங் பேடியின் புகழ்பெற்ற உருதுச் சிறுகதையான ‘லாஜ்வந்தி’யில் கடத்திச் செல்லப்பட்டு மீட்கப்பட்ட மனைவியைக் கணவன் சுந்தர்லால் ஏற்றுக்கொள்கிறான். முன்பு லாஜோ என்று அழைத்தவன், இப்போது தேவி என்று அழைக்கிறான். அவளுக்கு நேர்ந்ததைச் சொல்ல அவள் முயலும்போது கேட்க மறுக்கிறான். மதிப்பு உயர்ந்தது, பேச்சு நின்றது. போற்றுதலும் ஒருவகைப் புறக்கணிப்பே என்பதைப் பேடி காட்டிவிடுகிறார்.

இக்கதையின் ஒளியில் பார்க்கும்போது, லாஜோ என்னும் பெயரோடு சேர்ந்த ‘ஜி’ என்னும் மதிப்புவிகுதி எண்ணிப்பார்க்கத் தக்கதாகிறது. குடும்பத்தை மீண்டும் நிறுத்தும் சுமை லாஜோஜியின் தோளில் இறங்குகிறது. அவர் அதனைத் தாங்குகிறார், அதனால் மதிக்கப்படுகிறார். இத்தொடர் அவரைத் தேவியாக்கி ஊமையாக்கியதா? அவ்வாறு கூற இயலாது. காரணம், தொடரின் நீளமே. பேடியின் கதை சில பக்கங்களில் முடிகிறது. அவள் மௌனத்தோடு முடிவதே அதன் வலிமை. நூறு பகுதிகள் கொண்ட தொடரில் ஒருத்தி தேவியாகவே நீடித்திருக்க இயலாது. மாதக்கணக்கில் வீட்டுக்குள் வந்துபோகும் பாத்திரம் சினந்தாகவேண்டும், தவறாகத் தீர்மானித்தாகவேண்டும், மருமகளிடம் கடிந்து பேசியாகவேண்டும். அனிதா கன்வரின் நடிப்பு இதற்கு இடங்கொடுத்தது. ஆயினும் அவருடைய உழைப்பு எப்போதும் குடும்பத்தின் பெயராலேயே மதிக்கப்படுகிறது என்பதும் உண்மை. குடும்பத்தை விட்டு நீங்கிய லாஜோ ஒருத்தியைக் கற்பனை செய்ய இத்தொடருக்கு இயலவில்லை. பேடியின் லாஜோவுக்கு நேர்ந்தது, குடும்பம் என்னும் அரண் உடைந்தபோது நேர்ந்தது. ‘புனியாத்’தின் லாஜோஜி அவ்வரணாகவே ஆகிவிடுகிறார்.

நிலம் மயங்குதல்

அகத்திணை மரபில் முதற்பொருளாகிய நிலமும் பொழுதும், கருப்பொருளும், உரிப்பொருளும் ஒன்றோடொன்று இயைந்தவை. ஒரு திணையின் ஒழுக்கம் இன்னொரு திணையில் வந்து மயங்குவதைத் தொல்காப்பியம் விலக்கவில்லை. ஆனால் நிலங்கள் தம்முள் மயங்குவதில்லை என்று அது வரையறுக்கிறது. பிரிவும் இருத்தலும் எந்நிலத்திலும் நிகழலாம். குறிஞ்சி நிலம் நெய்தல் நிலமாகாது என்பது கருத்து. செய்யுள் மரபுக்கு வகுத்த இவ்விதியை இக்காலத் தொலைக்காட்சித் தொடர்மேல் அப்படியே பொருத்துவது பொருந்தாது. எனினும் புலப்பெயர்வுக் கதைகளின் இயல்பை உணர்த்த இது ஓர் உரைகல்லாகப் பயன்படுகிறது. புலம்பெயர்ந்தோர் கதைகளில் மயங்குவது பெரும்பாலும் நிலமே. தில்லியில் நிற்கும் ஒருவர் லாகூரின் தெருவில் நடந்துகொண்டிருப்பார். உணவும் வழிபாடும் பேச்சும் விழாவும் ஆகிய கருப்பொருள்கள் பழைய நிலத்துக்குரியவை. கால் ஊன்றிய மண் புதியது.

‘புனியாத்’தில் இம்மயக்கத்தைத் தாங்கும் முதன்மைக் கருவி மொழி. ஜோஷி குமாவுன் மலைநாட்டுக் குடும்பத்தைச் சார்ந்தவர், பஞ்சாபியர் அல்லர். நாடு முழுவதற்குமான ஒளிபரப்புக்காக எழுதியதால் உரையாடலை இந்தியிலேயே அமைக்க வேண்டியிருந்தது. ஆயினும் அழைப்பு முறையிலும் பேச்சின் ஏற்ற இறக்கத்திலும் பஞ்சாபி வாடை வீசுமாறு எழுதினார். இளைய தலைமுறை வளர வளர அவ்வாடை குறைந்து தலைநகரின் பொது இந்தி நிறைகிறது. ஊர் கைவிட்டுப் போனதைப் பாத்திரங்கள் அழுது சொல்வதைவிட, அவர்கள் பேச்சில் ஊர் மெல்லத் தேய்வது வலிமையாகச் சொல்லிவிடுகிறது.

தில்லியில் வாழ்ந்த தமிழருக்கு இதில் ஒரு தனிக்கவனம் இருக்கக்கூடும். கரோல்பாக் பகுதியில் அலுவலகப் பணிக்காகக் குடியேறிய தமிழ்க் குடும்பங்களும், மேற்குப் பஞ்சாபிலிருந்து வந்த ஏதிலியர் குடும்பங்களும் அண்டையராக வாழ்ந்தன. இரு சாராரும் தலைநகருக்கு வந்தேறியவர்களே. ஆனால் விடுமுறையில் தொடர்வண்டி ஏறித் திரும்புவதற்குத் தமிழருக்கு ஓர் ஊர் இருந்தது. ஆதவனின் ‘காகித மலர்கள்’ முதலான தில்லிப் புதினங்கள் காட்டும் மன உளைச்சல், ஊர் இருந்தும் அதில் ஒட்டமுடியாதவரின் உளைச்சல். ஹவேலிராம் குடும்பத்தின் துயரோ திரும்பிச் செல்லும் ஊரே இல்லாதவரின் துயர். புலப்பெயர்வு என்னும் ஒரே சொல்லால் இரண்டையும் குறித்துவிட்டு நிறைவடைந்தால் இவ்வேறுபாடு மறைந்துவிடும்.

சொல்லப்படாத வீடு

தொடரின் குறைக்கு இப்போது வருவோம். 1941இல் ஏறத்தாழ 9.18 லட்சமாக இருந்த தில்லியின் மக்கள்தொகை, 1951இல் 17.44 லட்சமாக உயர்ந்தது. மேற்குப் பஞ்சாபிலிருந்தும் சிந்துவிலிருந்தும் எல்லைப்புற மாகாணத்திலிருந்தும் ஏறத்தாழ 5 லட்சம் பேர் வந்துசேர்ந்தனர். கிங்ஸ்வே முகாம் அவர்களால் நிறைந்தது. லாஜ்பத் நகர், ராஜேந்திர நகர், பட்டேல் நகர் எனப் புதிய குடியிருப்புகள் எழுந்தன. இது கணக்கின் ஒரு பாதி. அதே காலத்தில் தில்லியின் முஸ்லிம் மக்களில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் நகரை விட்டு நீங்கினர். நீங்குவதற்கு முன் அவர்களுள் பலர் புராணா கிலாவிலும் ஹுமாயூன் கல்லறையிலும் முகாமிட்டிருந்தனர். ஒரே நகரில் வருவோர்க்கு ஒரு முகாமும் போவோர்க்கு வேறு முகாமும் இருந்தன.

லாகூரில் ஒரு வீடு பறிபோன கதையை நாம் பகுதி பகுதியாகக் காண்கிறோம். தில்லியில் அதேபோல் பறிபோன வீடுகளின் கதை இத்தொடரின் மையத்துக்கு வரவில்லை. நம்முடைய குடும்பம் வந்தது என்பதே கதை; அவர்களுடைய குடும்பம் போனது என்பது பின்னணி.

இவ்விடைவெளியை உணர்த்துவது எம். எஸ். சத்யுவின் ‘கரம் ஹவா’ (1973) என்னும் திரைப்படம். ஆக்ராவில் காலணி உற்பத்தி செய்யும் சலீம் மிர்சா பாகிஸ்தான் செல்ல மறுக்கிறார். ஆனால் வீட்டுக்கு உரிமையாளரான அவருடைய தமையன் எல்லை கடந்துவிட்டதால், குடும்ப மாளிகை வெளியேறியோர் சொத்தாக அரசால் எடுத்துக்கொள்ளப்படுகிறது. வீட்டை விட்டு வர மறுத்து மூதாட்டி ஒளிந்துகொள்கிறார், தூக்கி வரப்படுகிறார், இறக்கும் தறுவாயில் மீண்டும் அதே மாளிகைக்குத் தூக்கிச் செல்லப்படுகிறார். அம்மாளிகையை வாங்கியிருப்பவர் அஜ்மானி என்னும் சிந்தி வணிகர். அவரும் பிரிவினையால் ஊரிழந்து வந்தவர். இறக்கும் மூதாட்டியைத் தன் வீட்டுக்குள் கொண்டுவர அவர் இசைகிறார். ஏதிலியர் குடும்பமும் ஏதிலியாக்கப்படும் குடும்பமும் ஒரே வாசலில் சந்திக்கும் இக்காட்சி, பிரிவினைக் கலைப்படைப்புகளில் அரிதானது. 1950ஆம் ஆண்டின் வெளியேறியோர் சொத்து நிருவாகச் சட்டமும் 1954ஆம் ஆண்டின் இழப்பீட்டு மறுவாழ்வுச் சட்டமும் ஒன்றையொன்று தொட்டு நிற்பவை. ஒருவரது இழப்பிலிருந்தே மற்றவரது இழப்பீட்டுக்கு வழி பிறந்தது. ‘கரம் ஹவா’ அத்தொடர்பை ஒரு வாசற்படியில் காட்டிவிட்டது.

‘புனியாத்’ அவ்வாசற்படிக்கு வரவில்லை. இதனை ஆசிரியரின் மதச்சார்பு என்று கொள்வது எளிது. ஆனால் அது முறையான விளக்கமாகாது. தொடர் என்னும் வடிவம் ஒரு குடும்பத்தை அலகாகக் கொள்கிறது. அக்குடும்பத்தார் அறியாததைப் பார்வையாளரும் அறியமாட்டார். தாம் குடியேறும் ஊரிலிருந்து போனவர் யார் என்று கேட்கும் நிலையில், எல்லாவற்றையும் இழந்து வந்த குடும்பம் இல்லை. ஆகவே, இழப்பின் நீட்சியை நமக்கு உணர்த்திய அதே வடிவம், மற்றவர் இழப்பை மறைக்கும் திரையாகவும் ஆகிவிடுகிறது.

ஒளிபரப்பான காலமும் மறு ஒளிபரப்பும்

1984 அக்டோபர் 31 அன்று பிரதமர் இந்திரா காந்தி கொலையுண்டபின், தில்லியில் சீக்கியர்மீது நிகழ்ந்த வன்முறையில் அரசுக் கணக்கின்படியே 2,733 பேர் உயிரிழந்தனர். தப்பியோர் அந்நகரிலேயே மீண்டும் முகாம்களில் தங்கினர். 1947இல் ஏதிலியராய் வந்தவர்களும் அவர்கள் வழிவந்தோரும் அவர்களுள் இருந்தனர். அப்போது ‘ஹம் லோக்’ ஒளிபரப்பாகிக்கொண்டிருந்தது. இரண்டு ஆண்டுகளுக்குள் அதே ஆசிரியர் எழுதிய ‘புனியாத்’, அதே அரசுத் தொலைக்காட்சியில் தொடங்கியது.

தில்லியை ஊரிழந்தோர்க்கு அடைக்கலம் தந்த நகராகக் காட்டும் கதை, அந்நகரிலேயே மக்கள் வீடிழந்த இரண்டாம் ஆண்டில் வெளிவந்தது. கதை 1978இல் நின்றுவிடுவதால் 1984ஐப் பேச வேண்டிய கடமை அதற்கு எழவில்லை. ஆனால் பார்வையாளர் 1986இல் அமர்ந்தே அதனைப் பார்த்தனர். லாகூரில் கதவு தட்டப்படும் ஓசையைக் கேட்டபோது, தில்லியின் திரிலோக்புரியை நினைக்காமல் இருந்திருக்க இயலுமா? முப்பத்தொன்பது ஆண்டுகளுக்கு முந்தைய காயத்தைப் பேசுவதற்குக் கிடைத்த உரிமை, இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய காயத்தைப் பேசக் கிடைக்கவில்லை. பழைய கதையின் வாயிலாகப் புதிய துயருக்கு அழுவதற்கு இத்தொடர் இடமளித்தது எனலாம். புதிய துயருக்கு விடைகேட்க அது இடமளிக்கவில்லை.

2020ஆம் ஆண்டு ஊரடங்கின்போது தூர்தர்ஷன் தன் பழைய தொடர்களை மீண்டும் ஒளிபரப்பியது. ‘புனியாத்’தும் அவற்றுள் ஒன்று. பெருநகரங்களிலிருந்து தொழிலாளர் குடும்பங்கள் மூட்டைகளோடும் குழந்தைகளோடும் நெடுஞ்சாலைகளில் நடந்துசென்ற காட்சிகளைச் செய்தி அலைவரிசைகள் அந்நாள்களில் காட்டிக்கொண்டிருந்தன. வீட்டுக்குள் இருக்க வீடு உடையோர், வீடிழந்த குடும்பத்தின் பழங்கதையைப் பார்த்திருந்தனர். வெளியே நடந்தவர்களுக்கு நூறு பகுதிகள் கொண்ட தொடர் எதுவும் எழுதப்படவில்லை.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால், ‘புனியாத்’ தொடரின் சிறப்பும் குறையும் ஒரே வேரிலிருந்து தோன்றுபவை என்பது தெளிவாகிறது. 1947ஐக் கதைக்காலத்தின் நடுவில் நிறுத்தி, இருபுறமும் ஒத்த கால அளவை வைத்தமையால், புலப்பெயர்வு என்பது எல்லையைக் கடந்ததும் முடிவதில்லை என்பதை அது நிறுவியது. பிற்பகுதியின் குடும்பப் பூசல்கள் கதையின் சரிவு அல்ல. இழப்பின் இரண்டாம் அத்தியாயம். பெயர்களிலும் பேச்சுமொழியிலும் இழந்த நிலத்தைப் பதித்துவைத்த முறை இலக்கியத் தகுதி உடையது. அதேவேளையில், ஒரு குடும்பத்தின் கண்களால் மட்டுமே பார்த்ததனால், அக்குடும்பம் வந்துசேர்ந்த ஊரிலிருந்து வெளியேறிய குடும்பத்தை அதனால் காண இயலவில்லை.

தொடர்களை ஆராய்வோர் இனி ஒரு வினாவைத் தவறாது கேட்கலாம். புதிய ஊரில் குடியேறும் குடும்பம் தன் கடைக்காலுக்கு வானம் தோண்டும்போது, அம்மண்ணுக்குள் முன்பு எவருடைய கடைக்கால் இருந்தது? அவ்வினாவை எழுப்பும் தொடர் இந்திய மொழி எதிலேனும் எழுதப்படுமானால், ‘புனியாத்’ இட்ட அடித்தளத்தின்மேல் எழுந்த கட்டடமாகவே அது அமையும்.